தவிட்டுப் பூசணத்தை வைத்துக் கோராத் துணியில் கஞ்சி எடுத்தேன்

தறியில் நீளவாக்கில் ஏறும் பாவு நூல், இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதில் உரசும், சீப்பு போன்ற அச்சில் தேயும், குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடைக்கும் இழுபடும். கஞ்சி போடாத ஒற்றை இழை நூல் இதைத் தாங்காது, அறுந்துகொண்டே இருக்கும். அதனால்தான் சைசிங் மில்லில் பாவுக்குக் கஞ்சி ஏற்றுகிறார்கள். நூலின் எடையில் பத்து சதவீதத்தை ஒட்டி ஏறும். எங்கள் ஈரோட்டுப் பக்கம் அது பெரும்பாலும் மக்காச்சோள மாவு, இல்லாவிட்டால் குச்சிக்கிழங்கு மாவு. சேலம், நாமக்கல் சேகோ ஆலைகள் பக்கத்திலேயே இருப்பதால் கிழங்கு மாவுக்கு இங்கே பஞ்சமில்லை. நெய்து முடித்த, இன்னும் வெளுக்காத கோராத் துணியில் அந்தக் கஞ்சி அப்படியே உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் சாயத்தில் போட்டால் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், நடுநடுவே திட்டு.

நான் சிறிய அளவில் இயற்கைச் சாயம் போடுகிறவன். கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி, அவுரி. ஒரு தடவைக்குச் சில கிலோ துணிதான். பட்டறைகளில் கஞ்சி எடுக்க வாங்கும், மாவுச்சத்தை வெட்டும் அமைலேஸ் நொதி பெரிய கேன்களில் வருகிறது. எனக்கு ஒரு கேன் வருடம் முழுக்க ஓடும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் கிடக்கும் நொதி வருடம் முழுக்க வீரியத்தோடு இருக்காது. அதனால் கொஞ்சமாக நானே தயாரித்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

நொதி இல்லாமலும் கஞ்சி எடுக்க முடியும். பழைய வழி, துணியை நனைத்துக் குவித்து ஒரு ராத்திரி ஊறப்போடுவது. தண்ணீரிலும் துணியிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, அவை சுரக்கும் அமைலேஸ் கஞ்சியை அறுத்துவிடும். மாவு புளிப்பதைப் போன்ற அதே வேலைதான். ஆனால் எந்தக் கிருமி வருகிறது என்பது நம் கையில் இல்லை. குவியலின் மேல்பக்கம் காய்ந்தால் அங்கே கஞ்சி அப்படியே நிற்கும். இன்னொரு நாள் கூடுதலாகக் கிடந்தால் கரும்புள்ளிப் பூசணம் பிடிக்கும், அந்தக் கறை எதற்கும் போகாது. இன்னொரு வழி நீர்த்த அமிலம். அது கஞ்சியை அறுக்கிற வேகத்தில் பருத்தியையும் அறுக்கும், துணி ஓரத்தில் காய்ந்தால் அந்த இடம் பொடிந்தே போகும்.

ஆக, ஊறப்போடுகிற முறையில் கிருமி செய்யும் வேலையைக் கிருமியைத் துணியில் விடாமல் செய்துகொள்ள வேண்டும். 1894இல் ஜோகிச்சி தகாமினே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது கிட்டத்தட்ட இதற்குத்தான். ஜப்பானில் அரிசியில் வளர்க்கும் கோஜிப் பூசணத்தை, அவர் கோதுமைத் தவிட்டில் வளர்த்து, தண்ணீரில் கரைத்து, நொதியைத் தனியே எடுத்தார். விஸ்கி ஆலையில் மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டிய தானியத்துக்கு, பதிலாகப் பயன்படுத்துவதுதான் அவர் நோக்கம். கடைசியில் அது பார்க்-டேவிஸ் நிறுவனத்தின் வழியாகச் செரிமான மருந்தாகத்தான் விலைபோனது. துணிக்கு நுண்ணுயிர் நொதியைக் கொண்டுவந்தவர்கள் புவாதேனும் எஃப்ரோனும். 1917இல் அவர்கள் காப்புரிமை எடுத்தது பேசில்லஸ் பாக்டீரியாவின் அமைலேசுக்கு. நான் போனது தகாமினே வழி. பேசில்லஸ் வளர்க்கக் கலக்கியும் காற்றேற்றியும் பார்த்துக்கொள்ளும் கலன் வேண்டும். பூசணத்துக்கு ஒரு தட்டு போதும்.

பூசணம் என்றதும் வீட்டில் பழைய ரொட்டியில் வருவதை எடுத்து வளர்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். கோஜியின் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே. அதன் நெருங்கிய உறவு ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் நஞ்சை விடுவது அதுதான். இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. உணவுக்கென்று விற்கும் கோஜி வித்துப்பொடியை வாங்கித்தான் தொடங்கினேன்.

ஒரு கிலோ கோதுமைத் தவிட்டுக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. இந்தப் பதம்தான் பாதி வேலை. ஈரம் கூடினால் தவிடு களியாகி, காற்று போகாமல், பூசணத்துக்குப் பதில் பாக்டீரியா ஏறும். அம்மோனியா வாடை அடித்தால் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். ஈரத் தவிட்டைத் துணியில் கட்டி குக்கரில் அரை மணி நேரம் ஆவியில் வேகவைத்தேன். உடம்புச் சூட்டுக்கு ஆறியதும், ஒரு கிலோவுக்கு இரண்டு கிராம் வித்துப்பொடியைக் கொஞ்சம் வறுத்த மாவோடு கலந்து தூவி, அலுமினியத் தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, ஈரத் துணியால் மூடினேன்.

முதல் பாதி நாளுக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் தவிடு தானாகவே சூடேறத் தொடங்கும். பூசணம் சர்க்கரையை எரிக்கிற சூடு அது. அறை முப்பது டிகிரியில் இருந்தாலும் தவிட்டுக்குள் வெப்பமானியைச் செருகினால் நாற்பதைத் தாண்டப் பார்க்கும். அந்த நேரத்தில் கிளறி உதிர்த்து, மறுபடி மெல்லியதாகப் பரப்ப வேண்டும். விட்டால் நடுவில் பூசணம் வெந்து சாகும். எங்கள் ஊர்க் கோடையில் இதைக் கட்டுக்குள் வைப்பது பெரும்பாடு, ஐப்பசி முதல் தை வரைதான் சரியான காலம். கிட்டத்தட்ட இரண்டு நாளில் தவிடு முழுக்க வெள்ளை இழை பின்னி, பாளமாகப் பெயர்ந்து வரும். வேகவைத்த கிழங்கின் இனிப்பு வாசம். மஞ்சள் பச்சையாக நிறம் மாறத் தொடங்கினால் வித்துகள் வருகின்றன என்று அர்த்தம், அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

இந்த வேலைக்கு நல்ல முகக்கவசம் போட்டே ஆக வேண்டும். 1960களின் இறுதியில் நொதி கலந்த சலவைத்தூள் ஆலைகளில் வேலைபார்த்தவர்களுக்கு அந்தத் தூசியால் ஆஸ்துமா வந்தது. அதற்குப் பிறகுதான் சலவைத்தூளில் நொதியை மெழுகுப் பூச்சுக்குள் அடைத்த குருணையாகப் போட ஆரம்பித்தார்கள். நொதியும் புரதம்தான், காய்ந்த தூசியாக மூக்கில் ஏறினால் உடம்பு அதை எதிரியாக நினைத்துக்கொள்ளும். தட்டு, குக்கர் எல்லாம் சமையலறைக்குத் திரும்பாமல் தனியாக வைத்திருக்கிறேன்.

பாளத்தை உதிர்த்து, ஒன்றுக்கு ஐந்து பங்கு வெதுவெதுப்பான நீரில், சிட்டிகை உப்போடு ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கெட்டித் துணியில் பிழிந்தால் தேநீர் நிறத்தில் ஒரு சாறு கிடைக்கும். நொதி அதில்தான். அன்றைக்கே பயன்படுத்துவது நல்லது, குளிர்பெட்டியில் இரண்டொரு நாள் தாங்கும்.

சாறு வேலைசெய்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. மக்காச்சோள மாவை நூற்றுக்கு ஒன்று என்று காய்ச்சி, ஐம்பது டிகிரிக்கு ஆறவிட்டு, நூறு மில்லிக்குப் பத்து மில்லி சாறு ஊற்றினேன். வெள்ளை டைல்ஸ் ஒன்றில் அயோடின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக வரிசையாக வைத்து, நிமிடத்துக்கு ஒரு துளி கஞ்சியை ஒவ்வொன்றிலும் விட்டேன். முதல் துளி கருநீலம். அடுத்தடுத்து ஊதா, செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் வெறும் மஞ்சள். மாவுச்சத்தின் நீண்ட சங்கிலி சுருளாக நிற்கும். அயோடின் அந்தச் சுருளுக்குள் போய் உட்காரும்போதுதான் நீலம் வரும். அமைலேஸ் சங்கிலியை நடுநடுவே வெட்டிக்கொண்டே போகப் போக, உட்கார இடமில்லாமல் நிறம் மங்கும். நிறம் மாறுவதற்கு முன்பே கஞ்சி தண்ணீராகிவிடும், அதுவும் நடுவில் வெட்டுவதால்தான். மஞ்சளுக்கு வர எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு பாளத்துக்கும் எழுதி வைத்தால், சாறு எவ்வளவு ஊற்றுவது என்பதை அதிலிருந்து முடிவு செய்யலாம். ஒரு விஷயம்: துளி ஆறியிருக்க வேண்டும். சூட்டில் அயோடின் நீலம் தானாகவே மறையும், கஞ்சி போய்விட்டதென்று நம்மை ஏமாற்றும்.

இனி துணி. இங்கேதான் ஒரு சிக்கல் நிற்கிறது, மில்கள் ஏன் பூசண நொதியை எடுக்காமல் பேசில்லஸ் பக்கம் போனார்கள் என்பதும் இதில்தான் புரிந்தது. மாவுச்சத்து நன்றாக உப்பி நீரை உள்வாங்கினால்தான் நொதிக்கு உள்ளே போக வழி. நூலில் காய்ந்து கெட்டியான கஞ்சிப் படலம் உப்புவதற்கு எழுபது, எண்பது டிகிரி வெந்நீர் வேண்டும். கோஜி அமைலேஸ் அறுபதைத் தாண்டினாலே செத்துவிடும். பேசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸ் தரும் நொதி எழுபதைத் தாங்கும். 1970களில் சந்தைக்கு வந்த பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் நொதி கொதிநிலை வரை போகும். அவர்களுக்கு உப்பவைப்பதும் வெட்டுவதும் ஒரே தொட்டியில், ஓடுகிற துணியில் முடிந்துவிடுகிறது. எனக்கு இரண்டு தொட்டி வேண்டும்.

அதனால் முதலில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் கால் மணி நேரம் துணியை முக்கிப் புரட்டி, பிழிந்தேன். இதிலேயே கஞ்சியோடு சேர்த்துப் போட்டிருக்கும் கொழுப்பு, துத்தம் போன்றவையும் ஓரளவு கழன்றுவிடும். அப்புறம் இரண்டாவது தொட்டி: ஒரு கிலோ துணிக்கு இருபது லிட்டர் தண்ணீர், ஐம்பது டிகிரி, லிட்டருக்கு நாற்பது மில்லி சாறு. எங்கள் போர் தண்ணீரின் பி.எச். எட்டுக்குப் பக்கம். கோஜி நொதிக்கு ஐந்தரை பிடிக்கும். அசிட்டிக் அமிலத்தைச் சொட்டாக விட்டு, தாளில் பார்த்து இறக்கினேன். துணி சீக்கிரம் நனைய ஊற்றும் வெட்டிங் ஆயில் அயனியில்லாத வகைதான், அதுவும் கொஞ்சம். எதிர்மின் வகை நொதியைக் கெடுக்கும்.

போர் தண்ணீர் கடினம் என்பதால் பலர் கைப்பழக்கத்தில், தண்ணீரின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் சீக்வெஸ்டரிங் மருந்து ஊற்றுவார்கள். கஞ்சி எடுக்கும்போது மட்டும் கூடாது. அமைலேசின் உடம்பைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பதே கால்சியம், மருந்து அதை உருவிவிடும். இதைக் காட்ட இரண்டு பாட்டிலில் ஒரே சாறு, ஒரே கஞ்சி வைத்து, ஒன்றில் மட்டும் அந்த வகை மருந்தான ஈ.டி.டி.ஏ. போட்டேன். போடாத பாட்டில் மஞ்சளுக்கு வந்து வெகுநேரம் ஆன பிறகும் போட்டது ஊதாவிலேயே நின்றது. நம்ம ஊர் உப்புத் தண்ணீர் உதவுகிற வேலை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பக்கத்துப் பட்டறைச் சாய மாஸ்டர், வயதில் மூத்தவர், தொட்டிக்குள் கைவிட்டுத் துணியை இரு விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"வழுவழுங்குதுங் கண்ணு. இன்னும் கஞ்சி இருக்குது."

"அயோடின் போட்டுப் பாக்கட்டுங்களா அண்ணா?"

"பாரு, பாரு. எங் கைக்கு வேண்டாம், உனக்கு வேணுமல்லோ."

போட்டேன். ஊதாத் திட்டுகள். இன்னும் இருபது நிமிடம் ஓட்டிய பிறகு அவர் தேய்த்தார், நறநறவென்றது. சொட்டும் மஞ்சளாக நின்றது. அவர் விரலும் என் அயோடினும் அதன் பிறகு எந்தத் துண்டிலும் முரண்படவில்லை. இருந்தாலும் நான் அயோடினை விடுவதாக இல்லை. துணியின் நடுவும் ஓரமும் ஒரே மாதிரிக் கழன்றிருக்கிறதா என்று விரலால் சொல்வது எனக்கு முடியாது.

துணிக்கான அயோடின் கரைசலுக்கு ஜெர்மன் டெகேவா முறை இருக்கிறது. 10 கிராம் பொட்டாசியம் அயோடைடை 100 மி.லி. நீரில் கரைத்து, 0.635 கிராம் அயோடினைப் போட்டு முழுதும் கரையவிட்டு, 800 மி.லி. வரை நீரும் ஒரு லிட்டர் வரை எத்தனாலும் ஊற்ற வேண்டும். சொட்டிய இடத்தைக் குளிர்ந்த நீரில் அலசி, ஒற்றியெடுத்து, உடனே ஊதா அளவுகோலோடு ஒப்பிட வேண்டும். 1 என்றால் முழுக் கஞ்சி, 9 என்றால் சுத்தம். வீட்டில் பார்க்க, மருந்துக்கடைப் பொவிடோன் அயோடினைப் பத்து மடங்கு நீர்த்துக்கொண்டாலே போதும்.

ஒரே கோராவிலிருந்து சம அளவுத் துண்டுகளை வெட்டி, காயவைத்து எடைபோட்டு, நான்கு வழியில் ஓட்டிப் பார்த்தேன்: வெந்நீர் மட்டும், ராத்திரி ஊறல், கோஜிச் சாறு, கடையில் வாங்கிய பேசில்லஸ் நொதி. வெந்நீர்த் துண்டு கஞ்சியில் பாதியைக்கூட இழக்கவில்லை, சொட்டு கருநீலம். ஊறல் துண்டு நன்றாகவே இளைத்திருந்தது, ஆனால் நிறம் இடத்துக்கு இடம் மாறியது. கோஜியும் பேசில்லஸும் எடையில் கிட்டத்தட்ட ஒன்று. பேசில்லஸ் அதைப் பாதி நேரத்தில் செய்தது, துணியும் வெள்ளையாக இருந்தது. கோஜித் துண்டில் தவிட்டின் லேசான பழுப்பு ஏறியிருந்தது. மஞ்சிட்டிச் சிவப்புக்கு அது பொருட்டில்லை; வெளிர் நிறம் போடுகிறவர்கள் சாறை இன்னொரு முறை வடிகட்டியே ஆக வேண்டும்.

இன்னொரு பயம் இருந்தது. பூசணச் சாற்றில் அமைலேஸ் மட்டுமா இருக்கும்? தவிட்டைத் தின்று வளர்ந்தது, அதில் புரதம் வெட்டுவது, நார் வெட்டுவது எல்லாம் கலந்தே வரும். நார் வெட்டும் செல்லுலேஸ் பருத்திக்கு எமன். இரண்டாம் உலகப்போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களை மக்கவைத்த ஒரு பூசணத்தைப் பிடித்துத்தான் எல்வின் ரீஸ் நேட்டிக் ஆய்வகத்தில் ஆராய்ந்தார். அவர் பெயரிலேயே பின்னால் அதற்கு ட்ரைக்கோடெர்மா ரீசீ என்று பெயர் வைத்தார்கள். கூடாரத்தைத் தின்ற அந்தக் குடும்பத்தின் செல்லுலேஸ்தான் இன்று திருப்பூரில் பயோ வாஷ் என்ற பெயரில் பனியன் துணியின் சுணையைச் சிரைக்கிறது. அளவோடு நிறுத்தினால் மெருகு, மிஞ்சினால் ஓட்டை.

எனவே விரல் அகலப் பட்டைகளைக் கிழித்து, ஒன்றை அரை மணி நேரமும் ஒன்றை ராத்திரி முழுக்கவும் ஐம்பது டிகிரிச் சாற்றில் வைத்து, காயவைத்து, தொங்கு தராசில் அறுகிற வரை இழுத்தேன். அரை மணிப் பட்டைக்கும் வெறும் தண்ணீர்ப் பட்டைக்கும் தராசில் வேறுபாடு தெரியவில்லை. ராத்திரிப் பட்டை தெளிவாகவே முன்னதாக அறுந்தது. ஆகவே மணி பார்த்து எடுப்பதோடு, கடைசியில் தொண்ணூறு டிகிரி வெந்நீரில் ஒரு அலசல் கட்டாயம். நொதி அதோடு தீரும், மாவுச்சத்து அறுபட்டுக் கரைந்த துண்டான டெக்ஸ்ட்ரினும் கழுவிப்போகும்.

கஞ்சி போன துணியில் தண்ணீர்ச் சொட்டு விட்டால் அது முத்தாக நிற்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது பருத்தியின் சொந்த மெழுகும் பெக்டினும். அமைலேசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, காரத்தில் வேகவைத்தால்தான் போகும். பெக்டினை மட்டும் வெட்டும் நொதியும் விற்கிறார்கள், லேசான காரத்தில் ஐம்பத்தைந்து டிகிரி போதும் என்பதால் காஸ்டிக் மிச்சம். நான் இன்னும் சோடாக் காரத்தில்தான் வேகவைக்கிறேன்.

பாவில் செயற்கை இழை கலந்திருந்தால் சைசிங் மில்லில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அங்கே பாலிவினைல் ஆல்கஹால் போட்டிருப்பார்கள், அதற்கு எந்த அமைலேஸும் ஒன்றும் செய்யாது, வெந்நீர்தான்.

நொதி விற்கிறவர்கள் "சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்று ஒட்டியே விற்கிறார்கள். பாதி உண்மை. அமிலம் இல்லை, சூடு குறைவு, துணி சேதமில்லை, எல்லாம் சரி. ஆனால் துணியிலிருந்து கழன்ற மாவுச்சத்து எங்கே போகிறது? சர்க்கரையாகவும் டெக்ஸ்ட்ரினாகவும் அதே சாக்கடைக்குத்தான். பஞ்சுத்துணிப் பட்டறைக் கழிவின் ஆக்சிஜன் பசியில் பெரும்பங்கு கஞ்சி எடுக்கும் தொட்டியிலிருந்தே வருகிறது. நொதி அந்தப் பசியைக் குறைப்பதில்லை. 2011இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற நிலையை நேரில் கண்ட பகுதி இது. நான் சாயம் கலக்காத இந்தக் கஞ்சித் தண்ணீரை மட்டும் தனியே பிடித்து, ஆறவைத்து, சாண எரிவாயுக் கலனில் சிறிது சிறிதாக ஊற்றுகிறேன். சர்க்கரைத் தண்ணீர்தானே, கலன் அதை விரும்பிக் குடிக்கிறது. ஒரேயடியாக ஊற்றினால் புளித்து எரிவாயு நின்றுவிடும்.

தண்ணீரை உண்மையிலேயே மிச்சப்படுத்தும் நொதி வேறொன்று: பட்டறைகளில் "பெராக்சைடு கில்லர்" என்று சொல்லும் கேட்டலேஸ். பெராக்சைடில் வெளுத்த துணியில் கொஞ்சம் தங்கினாலும் அடுத்து ஏறும் ரியாக்டிவ் சாயத்தைக் கெடுக்கும், அதனால் பல தண்ணீர் அலச வேண்டியிருந்தது. கேட்டலேஸ் அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துப்போடும். ஒரே தொட்டி, நாற்பது டிகிரி, பதினைந்து நிமிடம். அதைத் தவிட்டில் வளர்க்க எனக்கு எண்ணமில்லை, வாங்கிக்கொள்கிறேன்.

கணக்குப் பார்த்தால், தினமும் நூறு கிலோ ஓட்டுகிறவர்களுக்குக் கோஜி வேலை ஒத்துவராது, கேனை வாங்குவதே மலிவு. மாதத்துக்கு இரண்டு மூன்று முறை சிறு லாட் போடுகிறவர்களுக்குச் சரியாக வரும். பாளத்தை நாற்பது டிகிரிக்கு மேல் போகாமல் விசிறிக் காற்றில் உலர்த்தி, காற்றுப்புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கிறது. வெளியில் வைத்தது மழைக்காலத்தில் ஈரம் வாங்கிக் கட்டிபிடித்தது. எடுக்கும் ஒவ்வொரு முறையும் டைல்ஸ் மேல் அயோடின் சொட்டு வைத்து, மஞ்சளுக்கு வரும் நிமிடத்தைப் பார்த்துச் சாற்றின் அளவை ஏற்றிக்கொள்கிறேன்.